களத்தில் போட்ட சாம்பல் கோடு

அந்தக் கோட்டை நான் போட்டது பொறாமையில்தான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. இப்போதும்கூட, மகள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் பூங்காவில் அதே மாதிரி ஒரு கோட்டைப் பார்த்திருக்காவிட்டால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

சாயங்காலமானால் அங்கே பிக்கிள்பால் ஆடுகிறார்கள். கையில் சின்னப் பலகை மட்டை, ஓட்டை ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் பந்து, இடுப்பளவு வலை. பந்தை இடுப்புக்குக் கீழிருந்து போட வேண்டும், பதினொன்று எடுத்தவர் ஜெயித்தவர். வலைக்கு இரண்டு பக்கமும், நாலு எட்டு தள்ளி ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள் நின்றுகொண்டு, பந்து தரையில் படும் முன்னே அடிக்கக் கூடாது. கோட்டை மிதித்தாலே தப்பு. நாலாவது மாடிப் பெண் ஒருத்தி இதையெல்லாம் எனக்குப் பொறுமையாக விளக்கினாள். அமெரிக்காவில் கண்டுபிடித்த விளையாட்டாம். இருக்கட்டும். நானும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். இதே விளையாட்டை, கிட்டத்தட்ட இதே விதிகளோடு, நாங்கள் ஜவ்வாது மலையில் ஆடினோம் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் அந்தக் கோடு எப்படி வந்தது என்று கேட்பாள். சொல்லவில்லை.

எழுபதுகளின் கடைசியில் நானும் என் வீட்டுக்காரரும் மலைமேல் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியர்களாக இருந்தோம். அவர் கலசப்பாக்கத்துக்காரர், நான் வேலூர்ப் பக்கம். கல்யாணமாகி இரண்டு வருஷம். போளூரிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு தடவை பஸ் வரும், மழை என்றால் அதுவும் வராது. குடியிருப்பில் இரண்டு அறை, ஓர் அடுப்பு, நாங்கள் இரண்டு பேர். என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கத்த மாட்டார். பேசவும் மாட்டார். கேட்டால் பதில் சொல்வார், அதுவும் கேட்ட அளவுக்குத்தான். "சாப்பாடு எப்டி இருக்குது?" என்றால் "இருக்குது" என்பார். அவ்வளவுதான். அந்தப் பதிலைக் குழம்பில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டுக்கொள்ள வேண்டியது என் வேலை.

வேலூரில் ஆசிரியர் பயிற்சி படித்தபோது நான் பூப்பந்து ஆடுவேன். நன்றாகவே ஆடுவேன். மலைக்கு வரும்போது மட்டையும் கொண்டுவந்திருந்தேன். முதல் மழைக்காலத்து மூடுபனியிலேயே நரம்பு தளர்ந்து தொங்கிப்போனது. திரும்ப நரம்பு கட்ட வேலூருக்குத்தான் போக வேண்டும். அப்போதுதான் பள்ளிக்கூடத்துக்கு சயின்ஸ் சாமான்கள் வந்த தேவதாருப் பெட்டி ஒன்று கண்ணில் பட்டது. ஆசாரியிடம் கொடுத்து நாலு மட்டை அறுத்து வாங்கினேன். கைப்பிடிக்கு சைக்கிள் டியூப் சுற்றினேன். பந்துக்குத்தான் பாடுபட்டேன். ரப்பர் பந்து எகிறிக் குதித்துச் சரிவில் ஓடிவிடும், தேடிக்கொண்டு புளியந்தோப்புவரை போக வேண்டும். பிளாஸ்டிக் பந்து காற்றில் பறந்துவிடும். கடைசியில் ஸ்வெட்டர் பின்னும் ஊசியை அடுப்பில் காய்ச்சி, பிளாஸ்டிக் பந்தில் சுற்றிலும் ஓட்டை போட்டேன். காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போனது, பந்து சொன்ன பேச்சு கேட்டது. விடுதியில் கிழிந்துகிடந்த வாலிபால் வலையை இரண்டாக மடித்துக் கட்டினேன். இதில் எதையும் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பின்னால் நடந்ததற்கும் அந்தக் கர்வத்துக்கும் சம்பந்தம் உண்டு.

ஆடுகளம் என்று எங்களுக்குக் கிடைத்தது நிஜமான களம்தான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மலைக்காரக் குடும்பத்தின் களம் இருந்தது. அறுப்புக் காலத்தில் அங்கே சாமை அடிப்பார்கள். தை பிறந்தால் களம் சும்மா கிடக்கும், புளியைப் பாறையில்தான் காயவைப்பார்கள். குடும்பத்தில் எல்லாவற்றையும் நடத்தியது ஐம்பது வயசுக்காரி ஓர் அம்மா. நாங்கள் களத்துக்காரம்மா என்போம். போய்க் கேட்டேன். மூன்று நிபந்தனை போட்டார். செருப்புக் காலோடு யாரும் ஏறக் கூடாது. சுண்ணாம்பு கொட்டக் கூடாது, பின்னால் தானியத்தில் ஏறும். ஆடி மாசத்துக்குள் காலி பண்ணிவிட வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் சரி என்றேன். சாணி போட்டு மெழுகி மெழுகி அந்தத் தரை கல் மாதிரி இருந்தது. எல்லைக்கு நாலு மூலையிலும் மூங்கில் முளை அடித்துக் கயிறு கட்டினோம். எல்லாரும் வெறுங்காலோடுதான் ஆடினோம். காக்கிச் சட்டையில் வரும் வனவர்கூடக் களத்தோரம் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏறுவார்.

வனத்துறைக் குடியிருப்பிலிருந்து வனவரும் அவர் மனைவியும் ஒரு பக்கம், நானும் என் வீட்டுக்காரரும் ஒரு பக்கம். பதினொன்று என்று நான் கணக்கு வைத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு, விடுதிக்குச் சாப்பாட்டுச் சாமான் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தால், பதினொன்று ஆடி முடிக்கவும் இருட்டவும் சரியாக இருக்கும்.

களத்தில் ஏறினால் என் வீட்டுக்காரர் வேறு ஆள். "வுடு வுடு, நான் பாத்துக்கறேன்" என்பார். "அப்டிப் போடு!" என்பார். "தபார், அந்தம்மா பின்னாலயே நிக்குது, முன்னால போடு" என்று என் காதருகே வந்து குசுகுசுப்பார். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது ஒவ்வொரு பந்தையும் திரும்ப ஆடுவார். எட்டாவது பாயின்ட்டில் நான் எடுத்த பந்து எப்படி வந்தது, எப்படி விழுந்தது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். வீட்டு வாசற்படி ஏறினதும் பேச்சு நின்றுவிடும். நான் வேண்டுமென்றே சுற்றுவழியாகக் கூட்டிக்கொண்டு போவேன். அந்த அரை மணி நேரமும், திரும்பி நடக்கும் கால் மணி நேரமும்தான் எனக்குக் கல்யாணம் ஆனதற்கான அடையாளம்.

கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடுவதற்கு முந்தின நாள் ஒரு பந்தயம் வைப்போம். விடுதிப் பிள்ளைகள், பக்கத்து ஊர் மலைக்காரர்கள் எல்லாரும் வந்து களத்தைச் சுற்றி உட்காருவார்கள். பரிசு, வனவர் வீட்டு மரத்தில் பழுத்த முதல் பலாப்பழம். ஜெயித்த ஜோடிதான் அதை வெட்டி எல்லாருக்கும் சுளை பங்கு போட வேண்டும். முதல் வருஷம் நாங்கள் ஜெயித்தோம். பழம் வெட்டுவதற்கு முன்னால், பால் ஒட்டாமலிருக்க அவர் என் இரண்டு கையிலும் நல்லெண்ணெய் தடவிவிட்டார். அத்தனை பேர் நடுவில், விரல் விரலாக. அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படி ஒன்று செய்ததில்லை. அடுத்த பலாப்பழத்துக்காக நான் ஒரு வருஷம் காத்திருந்தேன் என்றால் சிரிக்காதீர்கள்.

இரண்டாம் வருஷம் மாசி மாசத்தில், களத்து வரப்பிலிருந்து இறங்கும்போது என் கால் பிசகிவிட்டது. கணுக்கால் பூசணிக்காய் போல வீங்கியது. துணை சுகாதார நிலையத்துக்கு அப்போதுதான் ஒரு நர்ஸ் வந்திருந்தாள். கணியம்பாடிப் பக்கம் ஒரு கிராமத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கழுத்தில் நூலில் கோத்த சின்னச் சிலுவை, நல்ல உயரம், எதையும் இடது கையால் செய்வாள். என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "எங்க வலிக்குது? இங்கயா? இங்கயா?" என்று விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக் கட்டுப் போட்டாள். "மூணு வாரம் கால ஊனக் கூடாதுங்க டீச்சர்" என்றாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. காபி போட்டுக் கொடுக்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டேன்.

வருத்தப்பட்டிருக்க வேண்டாம். மறுநாளே ஆட்டத்துக்கு நாலாவது ஆள் வேண்டும் என்று என் வீட்டுக்காரர் அவளைக் கூப்பிட்டார். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கூப்பிட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும். "கூப்டுங்களேன், பாவம், அதுக்கும் பொழுது போவணும்" என்று பெருந்தன்மையாகச் சொன்னவள் நான்தான்.

முதல் இரண்டு நாள் அவளுக்கு ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் வந்துவிட்டது. உயரமானவள் இல்லையா, வலைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். பந்து இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாலே இடது கையால் டொக்கென்று அடித்துத் தரையில் சாய்த்துவிடுவாள். வனவர் மனைவி பயந்துபோய் முகத்தை மறைத்துக்கொள்வார். நான் களத்தோரத்துக் கல்லில் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அவள் அடித்த அடிக்கு என் வீட்டுக்காரர், "அடேங்கப்பா!" என்றார்.

எனக்கு அவர் 'அப்டிப் போடு' சொல்லியிருக்கிறார். 'பரவால்ல' சொல்லியிருக்கிறார். 'அடேங்கப்பா' சொன்னதில்லை. அப்படி ஒரு வார்த்தை அவரிடம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

அன்றைக்குத் திரும்பி நடக்கும்போது, நான் குச்சி ஊன்றி நொண்டிக்கொண்டு வர, அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். பேச்சு குறையவே இல்லை. எல்லாம் அவள் அடித்த பந்துகள். சுற்றுவழி வேண்டாம், கால் வலிக்கிறது என்று நேர்வழியில் கூட்டிவந்துவிட்டேன். ராத்திரிக்கு ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று வாரம் முடிந்தது. கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு அவளே, "இனிமே நடக்கலாம், ஆனா ஒரு மாசம் குதிக்காதீங்க டீச்சர்" என்றாள். நான் அன்று சாயங்காலமே மட்டையை எடுத்தேன். என் வீட்டுக்காரர், "இன்னும் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு. பந்தயத்துக்கு அது ஆடட்டும். நீ அம்பயரா இரு, ரூல்ஸ் எல்லாம் உனக்குத்தான தெரியும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவரை எதற்குச் சொல்ல வேண்டும்? அவள் சொன்னாள், அவர் கேட்டார். ஆனால் நான் எத்தனையோ சொல்லியிருக்கிறேன், இவ்வளவு சீக்கிரம் எதையும் கேட்டதில்லை.

ஆக எனக்கு மிச்சமிருந்தது விதிகள் மட்டும்தான். விதிகளை வைத்து என்ன செய்யலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். அவள் பலம் முழுதும் வலைக்குப் பக்கத்தில். அங்கே நிற்க விடாவிட்டால்? மூன்றாம் நாள் எல்லாரையும் கூப்பிட்டு, "வலைகிட்டயே நின்னுகிட்டு அடிச்சுத் தள்ளினா அதுக்குப் பேரு வெளயாட்டு இல்ல. நாலு எட்டு தள்ளி ஒரு கோடு போடறேன். கோட்டுக்குள்ள வந்தா பந்து ஒரு தடவ தரையில பட்டப்புறம்தான் தொடணும்" என்று அறிவித்தேன். குரலை நடுநிலையாக வைத்துக்கொண்டேன். வனவர் மனைவிக்கு ஒரே சந்தோஷம். "ரொம்ப கரெக்ட்டுங்க டீச்சர்" என்றார்.

சுண்ணாம்பு போட அனுமதியில்லை. கயிறு கட்டினால் ஆடும்போது தடுக்கும். விடுதி அடுப்படியிலிருந்து ஒரு சட்டி சாம்பல் எடுத்துவந்து, சலித்து, விரலிடுக்கில் விட்டுக் கோடு இழுத்தேன். கோலம் போட்ட கை, கோடு கம்பி மாதிரி வந்தது. பார்க்க எனக்கே நிறைவாக இருந்தது.

அப்போதுதான் களத்துக்காரம்மா புளி மூட்டையோடு அந்தப் பக்கம் வந்தார். மூட்டையை இறக்கிவிட்டுக் கோட்டைப் பார்த்தார். களத்தைக் கடந்து போக வந்தவர், அதைத் தாண்டாமல் வரப்பைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இன்னா டீச்சரம்மா, களத்துல சாம்பல் போட்டுக்கிறீங்க?"

"ஆட்டத்துக்கும்மா. கோடு."

"நாங்க சாமை அடிச்சுக் குமிச்சப்புறம் சுத்திச் சாம்பல் போடுவோம். சாமிக்கு அளந்து வெக்கிற வரைக்கும் ஒருத்தரும் தாண்டக் கூடாது. காலையில வந்து பாத்தா சாம்பல் சொல்லிடும், யாராவது கைய வெச்சாங்களா இல்லயான்னு." வெறும் களத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "குமி ஒண்ணுத்தையும் காணோம். நீங்க இன்னாத்த காவல் காக்கறீங்க?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான், "சும்மா ஆட்டத்துக்குத்தாம்மா" என்று திரும்பவும் சொன்னேன். அந்தம்மா வந்த வழியே வரப்பைச் சுற்றிப் போய், மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். அதற்குப் பிறகு வேடிக்கை பார்க்க வரும் மலைக்காரர்கள் ஒருத்தர்கூட அந்தக் கோட்டைக் குறுக்கே தாண்டி நான் பார்க்கவில்லை. பந்து உள்ளே உருண்டால்கூட வெளியே நின்று குச்சியால் தள்ளித்தான் எடுத்துக் கொடுத்தார்கள்.

கோடு போட்ட முதல் நாள் நர்ஸ் திணறிப்போனாள். நாலு தடவை கோட்டை மிதித்தாள், நாலு தடவையும் நான் "கோடு" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது நாக்கில் சர்க்கரை வைத்ததுபோல் இருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளிலிருந்து அவள் வேறு ஒன்று செய்யத் தொடங்கினாள். கோட்டுக்கு வெளியே நின்றபடியே, அடிக்காமல், பந்தை மட்டையால் சும்மா ஏந்தி விடுவாள். அது வலையைத் தடவினாற்போல் தாண்டி, அந்தப் பக்கத்துக் கோட்டுக்குள் பொத்தென்று விழும். எதிராளி குனிந்து எடுப்பதற்குள் செத்துப்போகும். அவ்வளவு மென்மையாக யாரும் ஆடி நான் பார்த்ததில்லை. பூப்பந்தில்கூட இல்லை. அவளை முடக்கப் போட்ட கோடு அவள் கழுத்துச் சிலுவை மாதிரி அவளுக்கே பொருந்திப்போனது.

ஆட்டம் முன்னைவிட நன்றாக ஆகிவிட்டது, அதுதான் கொடுமை. முன்பெல்லாம் இரண்டு அடியில் முடிந்துபோன பாயின்ட், இப்போது பத்து அடி, பதினைந்து அடி போனது. "இன்னாமா யோசிச்சிக்கிறாங்க டீச்சர்!" என்று வனவர் ஊரெல்லாம் சொன்னார். என் வீட்டுக்காரரும் ஒரு நாள், "நல்ல கோடு" என்றார். எனக்கு அவர் கொடுத்த பெரிய பாராட்டு அதுதான். அதை வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை.

பந்தய நாள் வந்தது. காலையிலேயே பலாப்பழத்தைக் கொண்டுவந்து களத்தோரத்தில் சாக்கின் மேல் வைத்துவிட்டார்கள். பக்கத்தில் அரிவாள், சின்னக் கிண்ணத்தில் நல்லெண்ணெய். நான் கோட்டைப் புதுசாக இழுத்தேன். ஆட்டம் முழுக்க என் கண் பந்தில் பாதி, அந்தக் கிண்ணத்தில் பாதி. அவர் அவள் கைக்கு எண்ணெய் தடவ மாட்டார், எனக்குத் தெரியும். ஊர் நடுவில் இன்னொரு வீட்டுப் பெண்ணின் கையைத் தொடும் ஆள் இல்லை. கிண்ணத்தை எடுத்து நீட்டுவார். அவள் கையை நீட்டுவாள், இவர் ஊற்றுவார். அதைப் பார்த்துக்கொண்டு நான் கல்லில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பத்துக்குப் பத்து. வனவர் மனைவி தூக்கிவிட்ட பந்து ஒன்று உயரமாக, மெதுவாக வந்தது. நர்ஸ் கோட்டுக்கு வெளியே நின்று, பந்து தரையில் படும் முன்பே இடது கையை வீசி, வனவருக்கும் அவர் மனைவிக்கும் நடுவில் அடித்தாள். இரண்டு பேரும் அசையவில்லை. பிள்ளைகள் கத்தினார்கள். என் வீட்டுக்காரர் மட்டையைத் தலைக்கு மேல் தூக்கினார். அவர் முகத்தை நான் பார்த்தேன்.

"கோடு" என்றேன்.

கத்தல் நின்றது. "நிஜமாவா?" என்றார் வனவர், அவருக்கே நம்பிக்கையில்லாமல். நான் மறுபடியும், "கோட்ட மிதிச்சிடுச்சு. பாயின்ட் உங்களுக்கு" என்றேன்.

நர்ஸ் குனிந்து தன் காலைப் பார்த்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். சாம்பல் காலையில் நான் இழுத்தபடியே இருந்தது. அவள் கட்டைவிரலுக்கும் கோட்டுக்கும் நடுவில் நாலு விரற்கடை. ஒரு துகள்கூடக் கலையவில்லை. அது வெறும் கயிறாக இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். சாம்பலைப் போட்டவள் நான், அது எனக்கு எதிராகவே சாட்சி சொல்லிக்கொண்டு கிடந்தது. களத்துக்காரம்மா அந்தப் பக்கத்து வரப்பில், கோட்டுக்கு நேராக உட்கார்ந்திருந்தார். அவர் பார்வையும் சாம்பலின் மேல்தான் இருந்தது.

நர்ஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். என் காலை மடியில் வைத்துக்கொண்டு 'இங்கயா, இங்கயா' என்று கேட்டபோது எப்படிப் பார்த்தாளோ அப்படிப் பார்த்தாள். எங்கே வலிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. காலை மெல்ல முன்னால் நகர்த்தி, கட்டைவிரலால் சாம்பலை ஓர் இழுப்பு இழுத்தாள். பிறகு என் வீட்டுக்காரரிடம் திரும்பி, "ஆமாங்க சார், பட்டுடுச்சு. டீச்சர் சொன்னது சரிதான்" என்றாள்.

வனவர் ஜோடி ஜெயித்தது. அவர்களே பழத்தை வெட்டினார்கள். வனவர் தன் மனைவி கையில் எண்ணெய் தடவிவிட்டார். எனக்கு வந்த சுளை நன்றாகத் தித்தித்தது, நான் விழுங்கினேன். களத்துக்காரம்மா தன் பங்கை வாங்கிக்கொண்டு என்னைக் கடந்து போனார். மறுநாள் காலையில் பார்த்தால் களம் முழுக்கப் புதுசாகச் சாணி போட்டு மெழுகியிருந்தது. கோடு இல்லை.

பந்தயத்தன்று எல்லாரும் கலைந்து போகும்போது நர்ஸ் மட்டையை என் கையில் கொடுத்தாள். "கால் இப்ப தேவலதான டீச்சர்? இனிமே நீங்களே ஆடுங்க. நான் கீழ மாத்தல் கேட்டுக்கிறேன்" என்றாள். நான் நன்றி சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அவள் செய்ததை நினைத்து நினைத்து அதற்கும் பொறாமைப்பட்டேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், 'எங்க மிதிச்சேன், வந்து காட்டுங்க' என்று ஊரைக் கூட்டியிருப்பேன். ஆட்டத்தில் மட்டுமில்லை, இதிலும் அவள் எனக்கு மேலே.

லீவு முடிந்து ஜூனில் நாங்கள் மலைக்குத் திரும்பியபோது அவள் போய்விட்டிருந்தாள். எனக்கு என் இடம் கிடைத்தது. சாயங்காலம் அரை மணி நேரம் அவர் பக்கத்தில் நின்று ஆடினேன். அவர் பேசினார், 'வுடு வுடு' என்றார், திரும்பும்போது கையை ஆட்டினார். கோட்டை மறுபடியும் போடச் சொன்னவரும் அவர்தான், அது இல்லாமல் ஆட்டம் நன்றாக இல்லையாம். எல்லாம் முன்புபோலத்தான். ஆனால் பந்து கோட்டுப் பக்கம் விழுந்தால் மட்டும் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுவிடும். பந்தயத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எண்பத்து மூன்றிலோ நாலிலோ நாங்களும் மாற்றலாகிக் கீழே இறங்கினோம். அதற்குப் பிறகு மட்டையை நான் தொடவில்லை.

போன வாரம் பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், அவரும் நானும். காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது அவருக்கு, கண் நன்றாகத் தெரிகிறது. நாலாவது மாடிப் பெண் ஒரு பந்தை அடித்தாள். எதிர்ப்பக்கம் இருந்தவன், "கோடு தாண்டிட்டே" என்றான். அவள் இல்லை என்றாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். பெயின்ட் அடித்த கோடு, அதில் என்ன தெரியும்? சத்தம் போட்டு, சிரித்து, மறுபடியும் ஆடப்போனார்கள்.

என் வீட்டுக்காரர் அவர்களைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்குச் சாம்பல் கலையலதான?" என்றார்.

நாற்பது வருஷத்துக்கு மேல் அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பொய் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு, இந்த வயசில் எதற்கு என்று, "கலையல" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். திட்டவில்லை. மனசிலிருந்து பெரிய மூட்டையை இறக்கினாற்போல் எனக்கு லேசாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில், ஒரு பெருந்தன்மையில், "நல்ல பொண்ணுங்க அது. இப்ப எங்க இருக்குதோ, பாவம்" என்றேன்.

"செங்கத்துல" என்றார், பந்திலிருந்து கண்ணை எடுக்காமல். "ரிடையராயி புள்ளகூட இருக்குது. போன தைக்கு முட்டி ஆபரேசன் ஆச்சு, இப்ப நல்லா நடக்குது."

நான் கேட்டது ஒன்று. அவர் சொன்னது மூன்று.

"எழுந்திருங்க, வூட்டுக்குப் போலாம். குளுருது" என்றேன். சித்திரை மாசம், காற்றுகூட இல்லை. அவர் ஒன்றும் கேட்காமல் எழுந்து என் பின்னால் வந்தார். நான் நேர்வழியில் நடந்தேன்.